கேலண்டர் போடுறவருக்கு முட்டி வலிக்காது

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஸ்டாமினாவே இல்லைங்க. ரெண்டு மேட்ச்சுக்கு மேல தாங்க மாட்டேங்கிறானுங்க. எல்லாம் பரோட்டாவும் செல்போனும் பண்ற வேலை."

எந்தக் காலேஜ் கபடி டீம் செமி ஃபைனல்ல சுருண்டு விழுந்தாலும் மைதான ஓரத்துல ஒரு பெரியவர் இந்த வசனத்தைச் சொல்லிடுவார். பக்கத்துல நிக்கிறவங்களும் ஆமாம் சாமி போடுவாங்க. நான் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல படிச்சவன். நாலு வருஷமும் காலேஜ் டீம்ல ரைட் கார்னர். இப்ப சென்னையில பொட்டி தட்டிப் பிழைக்கிறேன். போன மாசம் ஊர்ல ஒரு போட்டி பாக்கப் போனப்பவும் அதே வசனம், அதே தலையாட்டல். ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கறதால இந்தப் பதிவு. நீளமாத்தான் வரும் போல, டீ எடுத்துட்டு வந்துடுங்க மக்களே.

ஸ்டாமினா எங்கயும் போகல. மலைமேல சாமை வயல்ல வேலை செஞ்சுட்டு, மரவள்ளி மூட்டை தூக்கிட்டு வந்து ஆடுற பையனுக்கு ஸ்டாமினா இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். எங்க ஊர் டீம்களைத் தோக்கடிக்கிறது போட்டி அட்டவணை. அது என்னமோ வடகிழக்குப் பருவமழை மாதிரி வானத்துல இருந்து விழறதா எல்லாரும் நினைச்சுக்கறாங்க. இல்லீங்க. ஒரு ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து நாலு பேர் போடுறதுதான் அது.

ஆடாதவங்களுக்காக ஒரு சாதாரண மண்டலப் போட்டி எப்படி நடக்கும்னு சொல்லிடறேன். 32 டீம்னு வச்சுக்கோங்க. நாக் அவுட். மொத்தம் 31 மேட்ச், ரெண்டு நாள்ல முடிக்கணும். முதல் நாளே மூணு ரவுண்டு, அதாவது 28 மேட்ச். ரெண்டு கோர்ட் போட்டாலும் கோர்ட்டுக்கு 14. இருபது இருபது நிமிஷமா ரெண்டு பாதி, நடுவுல அஞ்சு நிமிஷம், டீம் உள்ள வந்து வெளிய போற நேரம் எல்லாம் சேத்து மேட்ச்சுக்கு 50 நிமிஷம் போட்டா, விடாம ஆடினாலே 11 மணி நேரம் 40 நிமிஷம். விருந்தினர் பேச்சு, பொன்னாடை, மாலை இதெல்லாம் தனி. கப் வாங்கணும்னா ஒரு டீம் ரெண்டு நாள்ல அஞ்சு மேட்ச் ஆடியாகணும், அதுல மூணு முதல் நாளே.

இது காகிதக் கணக்கு. நிஜத்துல அந்த நாள் அதுக்கு முந்தின ராத்திரியே ஆரம்பிச்சுடும். பகல்ல வகுப்பை விட்டுட்டுக் கிளம்பினா ஆன் டியூட்டி கிடைக்காதுங்கறதால ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல ஏறுவோம். உளுந்தூர்பேட்டையிலயோ விழுப்புரத்துலயோ இறங்கி வேற பஸ். சீட் கிடைச்சவன் தூங்குவான், கிடைக்காதவன் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தூங்குவான். விடியற்காலைல போய்ச் சேந்தா ஒரு வகுப்பறையைத் திறந்து விடுவாங்க. ரெண்டு பெஞ்சைச் சேத்துப் போட்டா கட்டில். ஆறு மணிக்கு எடை பாப்பாங்க. எடைக்குப் பயந்து ராத்திரி சோத்தை விட்டவன் டீமுக்கு ரெண்டு பேராவது இருப்பான். ஏழு மணிக்கு முதல் மேட்ச். இவ்வளவும் பண்ணிட்டு சாயங்காலம் மூணாவது மேட்ச்ல, பாடி வர்ற ரெய்டரோட கணுக்காலைப் பிடிக்கப் போய் கை அரை நொடி லேட்டா போச்சுன்னா, ஓரத்துல இருந்து "ஸ்டாமினா இல்ல". தூக்கம் இல்லைங்க ஐயா!

இது ஏதோ சோம்பேறி சொல்ற சாக்கு இல்ல. 2011ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல 11 கூடைப்பந்து வீரர்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. சில வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில இருக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். ஓட்ட நேரம் 16.2 விநாடில இருந்து 15.5க்கு இறங்குச்சு, ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடுச்சு. சின்ன ஆய்வுதான், ஒத்துக்கறேன். ஆனா கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினவனுக்கு ஆய்வே தேவையில்ல.

சரி, தொழில்முறைக்காரங்க எப்படி ஆடறாங்க? புரோ கபடி லீக் பத்தாவது சீசன் 2023 டிசம்பர் 2ல ஆரம்பிச்சு 2024 மார்ச் 1ல முடிஞ்சுது. டீமுக்கு லீக்ல 22 மேட்ச். சராசரியா கிட்டத்தட்ட நாலு நாளைக்கு ஒண்ணு, நடுவுல ஓய்வு நாள் இருக்கு. பிஸியோ, ஐஸ் தொட்டி, சாப்பாட்டுக்கு ஒரு நிபுணர், ஹோட்டல் ரூம், ஏ.சி. பஸ். சம்பளம் வாங்கி ஆடறவனுக்கு நாலு நாளைக்கு ஒரு மேட்ச். காசு வாங்காம, திங்கக்கிழமை இன்டர்னல் டெஸ்ட் எழுதப் போறவனுக்கு ஒரே நாள்ல மூணு. எந்த ஊர் நியாயம்யா இது?

நாக் அவுட்டுக்கு இன்னொரு அழகும் இருக்கு. 32 டீம்ல 16 டீம் முதல் மேட்ச்சோட வீட்டுக்கு. ஜூலைல இருந்து காலைல அஞ்சரை மணிக்கு எழுந்து பயிற்சி எடுத்து, ராத்திரி பஸ் ஏறிப் போய், 40 நிமிஷம் ஆடிட்டு, வருஷம் முடிஞ்சு போச்சு. ஒருத்தனுக்கு அதிக மேட்ச், இன்னொருத்தனுக்கு மேட்ச்சே இல்ல. ரெண்டு பேரையும் ஒரே அட்டவணை கெடுக்குது.

இப்ப படிப்புக் கணக்குக்கு வரேன். நான் படிச்ச காலத்து அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி ஒரு செமஸ்டர்னா சாதாரணமா 75 வேலை நாள். வருகை 75 சதவீதம் வேணும். அதாவது 18 நாள் போடலாம் மட்டம். விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தா சான்றிதழ் காட்டி 65 வரைக்கும் சலுகை உண்டு, அது 26 நாள். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா பல்கலைக்கழக டீமுக்குத் தேர்வாகிற அளவுக்கு நல்லா ஆடற ஒருத்தன் கணக்கைப் போட்டுப் பாருங்க. மண்டலப் போட்டி 3 நாள், அதுல ஜெயிச்சா மண்டலங்களுக்கு இடையே 3 நாள், தேர்வு முகாம் ஒரு 10 நாள், அப்புறம் தென் மண்டல பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டி பயணத்தோட சேத்து 8 நாள். 24 ஆச்சு. நடுவுல ஒரு காய்ச்சல் வந்தா, வீட்ல ஒரு சாவு விழுந்தா முடிஞ்சுது. சுமாரா ஆடறவனுக்கு விதி போதும், நல்லா ஆடறவனுக்குத்தான் பத்தாது. எவ்வளவு நல்லா ஆடறியோ அவ்வளவு மாட்டிக்குவ.

அதுவும் வருகைப்பதிவு வரைக்கும்தான் சலுகை. பரீட்சைத் தேதியும் போட்டித் தேதியும் ஒண்ணா விழுந்தா? எங்க பக்கத்துல அக்டோபர், நவம்பர்தான் மழை கொட்டுற மாசம், மண் கோர்ட் எல்லாம் வயல் ஆகிடும். போட்டிகள் தள்ளிப்போகும். தள்ளிப்போறது நேரா செமஸ்டர் பரீட்சை மேல போய் விழும். வருஷா வருஷம் மழை வருது, வருஷா வருஷம் ஆச்சரியப்படறாங்க.

எங்க டீமோட லெஃப்ட் ரெய்டர் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரன். மலையாளி. கேரளாவான்னு கேக்காதீங்க, கல்வராயன் மலையில இருக்கற பழங்குடி மக்களுக்கே அதுதான் பேரு. அவங்க குடும்பத்துல முதல் பட்டதாரி ஆகப் போறவன். ஆள் பாக்க ஒல்லி, ஆனா பாடிப் போனான்னா போனஸ் கோட்டைத் தொட்டுட்டு மூணு பேரை இழுத்துக்கிட்டுத்தான் வருவான். எங்களுக்கெல்லாம் கபடி ஒரு சந்தோஷம். அவனுக்கு அது ஒரு வழி. தமிழ்நாட்டுல போலீஸ் வேலைக்கு ஆள் எடுக்கறப்ப 10 சதவீத இடம் விளையாட்டு வீரர்களுக்கு. அதுக்கு சான்றிதழ் படிவம் மூணு வகை. நாட்டுக்கு ஆடினா படிவம் 1, மாநிலத்துக்கு ஆடினா 2, பல்கலைக்கழகத்துக்கு ஆடினா 3. மலையில இருந்து இறங்கி வர்ற பையனுக்கு எட்டுற உயரத்துல இருக்கறது அந்த மூணாவது காகிதம்தான். முதல் ரெண்டுக்கு வேண்டிய அகாடமி, மேட், கோச் எல்லாம் பெரிய ஊர்ச் சமாச்சாரம்.

மூணாம் வருஷம் அவன் பல்கலைக்கழக டீம்ல தேர்வானான். எங்க காலேஜ்ல முதல் ஆள். போட்டித் தேதி வந்துச்சு. அதே வாரம் அவனுக்கு ரெண்டு செய்முறைத் தேர்வு. தேதி மாத்திக் குடுங்கன்னு டிபார்ட்மென்ட்டுக்கும் பிஸிக்கல் டைரக்டர் ரூமுக்கும் நடையா நடந்தோம். "ரெண்டுல ஒண்ணை நீயே முடிவு பண்ணிக்கப்பா"ன்னாங்க. இருபது வயசுப் பையன் கிட்ட! பரீட்சை போனா அரியர், அரியர் விழுந்தா ஸ்காலர்ஷிப் என்ன ஆகுமோங்கற பயம். அவன் பரீட்சை எழுதினான். டீம் அவன் இல்லாமப் போச்சு, படிவம் 3ம் போச்சு. படிப்பை முடிச்சு பொதுப் பிரிவுல போலீஸ் தேர்வு ரெண்டு தடவை எழுதினான், எழுத்துத் தேர்வுல கொஞ்ச மார்க்ல போச்சு. இப்ப மினி லாரில மரவள்ளிக்கிழங்கு லோடு ஏத்திக்கிட்டு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போயிட்டு வரான். லாரி ஓட்டறது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா அவன் லாரி ஓட்டறதுக்குக் காரணம் திறமைக் குறைவு இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. ஒரே வாரத்துல ரெண்டு ஆபீஸ் ஒருத்தரை ஒருத்தர் கேக்காம போட்ட ரெண்டு தேதி.

இதைச் சொன்னா உடனே ஒருத்தர் வருவார்: "படிக்க வந்தா படிக்கணும், விளையாடணும்னா வேற எங்கயாவது போகணும்." அண்ணே, தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுப் பிரிவுக்குன்னே 500 சீட் ஒதுக்கி வச்சிருக்காங்க. அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கு. வாசல்லயும் விளையாட்டை மதிக்கிறோம், வெளிய போற கதவுலயும் மதிக்கிறோம். நடுவுல இருக்கற நாலு வருஷம் மட்டும் "நீயே முடிவு பண்ணிக்கோ"வா?

பெண்கள் டீம் பத்தி சொல்லணும்னா தனிப் பதிவே போடலாம். எங்க காலேஜ்ல நான் இருந்த நாலு வருஷத்துல மூணு தடவை பெண்கள் கபடி டீம் ஆரம்பிச்சு மூணு தடவையும் கலைஞ்சுது. காரணம் ரொம்ப சிம்பிள். பயிற்சி நாலரை மணிக்கு, காலேஜ் பஸ்ஸும் நாலரை மணிக்கு. அந்த பஸ்ஸை விட்டா கச்சிராயபாளையம் தாண்டி ஊருக்குப் போற பொண்ணுக்கு வேற நல்ல பஸ் கிடையாது. "பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லப்பா"ன்னு ரிஜிஸ்டர்ல எழுதி முடிச்சுட்டாங்க.

எங்க ஊர் மட்டும்தான் இப்படியான்னு கேட்டா, இல்ல. என் புராஜெக்ட்ல ஒரு அமெரிக்கர் இருக்கார். காலேஜ்ல லக்ரோஸ் ஆடினவர். நீளக் குச்சி முனையில வலை கட்டி, அதுல பந்தைப் பிடிச்சு எறியற ஆட்டம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ல ஆறு பேர் ஆட்டமா திரும்ப வருது. அங்க காலேஜ் டீம்ல ரெண்டு ஜாதி. காலேஜே செலவு பண்ணி நடத்துற அதிகாரபூர்வ டீம் ஒண்ணு, பசங்களே காசு போட்டு நடத்துற கிளப் டீம் ஒண்ணு. முதல் வகைக்கு என்.சி.ஏ.ஏ. அமைப்போட விதி இருக்கு: சீசன்ல வாரத்துக்கு 20 மணி நேரம், நாளைக்கு 4 மணி நேரத்துக்கு மேல விளையாட்டு வேலை வாங்கக் கூடாது. அந்த விதியையும் ஏமாத்தறாங்கங்கற புகார் உண்டு, அது வேற கதை. கிளப் டீமுக்கு அந்த விதியே கிடையாது. நம்ம ஆள் கிளப். வெள்ளிக்கிழமை லேப் முடிச்சுட்டு வேன்ல ஆறு மணி நேரம், சனி ஒரு மேட்ச், ஞாயிறு ஒரு மேட்ச், திரும்ப ஆறு மணி நேரம், திங்கள் காலைல பரீட்சை. தேசிய அளவு சாம்பியன்ஷிப் மே மாசம், அங்கயும் அதுதான் செமஸ்டர் முடியற நேரம். "கடைசி வருஷம் எங்க டீம்ல மாத்தி இறக்க ஆளே இல்ல, பாதிப் பேர் படிப்புக்காக விலகிட்டாங்க"ன்னார். பன்னெண்டு பேர்ல அரியர்காரன், அடிபட்டவன் போக ஏழு பேரோட இறங்கின எனக்கு அந்த மனுஷன் சொந்தக்காரர் மாதிரி தெரிஞ்சார். :-)

அவர்கிட்ட பேசினப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. நம்ம ஊர்ல எல்லாக் காலேஜ் டீமுமே கிளப் டீம்தான். பேருக்கு காலேஜ் ஜெர்சி. பாதுகாக்க விதி கிடையாது, ஆனா ஜெயிச்சா ஃபிளக்ஸ் போர்டுல சேர்மன் படம் வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கு, மறைக்க விரும்பல. இதே பசங்கதான் பொங்கலுக்கும் ஆடித் திருவிழாவுக்கும் ஊர் ஊரா மின்னொளி கபடி ஆடறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சு விடிய விடிய. நானும் ஆடியிருக்கேன். பிஸிக்கல் டைரக்டருங்க இதைத்தான் சொல்லித் திட்டுவாங்க: "மின்னொளிக்குப் போய் முட்டியை உடைச்சுக்கறீங்க, காலேஜ் மேட்ச்சுன்னா களைப்பா?" கேள்வி நியாயமாத் தெரியும். ஆனா ஏன் போறாங்க? காலேஜ் வருஷத்துக்கு ஒரு நாக் அவுட் குடுக்குது, முதல் மேட்ச்ல தோத்தா வருஷம் முழுக்க ஆட்டம் கிடையாது. ஆட்டம் வேணும்னா ஊர்த் திருவிழாதான் கதி. பரிசுப் பணத்துல டீமுக்கு ஷூவும் முட்டிக்கு கேப்பும் வாங்கினது நாங்க.

சரி, திட்டினது போதும், மாத்த முடியுமான்னு பாப்போம். மென்பொருள்காரனுக்கு இது எல்.கே.ஜி. கணக்கு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் சுத்துவட்டாரத்துல எட்டு காலேஜை ஒரு குழுவாக்குங்க. ஒவ்வொண்ணும் மத்த ஏழோட ஒரு தடவை ஆடணும். 28 மேட்ச். சனிக்கிழமை தோறும் நாலு மேட்ச் வச்சா ஏழே வாரம். ஒரு டீமுக்கு வாரம் ஒரு மேட்ச்தான், அதுல பாதி சொந்த மைதானத்துல. ராத்திரி பஸ் கிடையாது, பெஞ்சுக் கட்டில் கிடையாது, வேலை நாள் ஒண்ணு கூடப் போகாது. ஜூலைக் கடைசியில ஆரம்பிச்சா மழைக்கு முன்னாடி முடிஞ்சுடும். மேல வர்ற ரெண்டு டீம் மட்டும் மண்டலத்துக்குப் போகட்டும். தோக்கற டீமுக்கும் வருஷத்துக்கு ஏழு மேட்ச் கிடைக்கும். பொண்ணுங்களுக்கும் அதே சனிக்கிழமை, அதே பஸ்.

"செலவு யார் பண்றது?" வரும்னு தெரியும். நாக் அவுட் மலிவுதான், ஒரே இடம், ரெண்டு நாள் சாப்பாடு, முடிஞ்சுது. அந்த மலிவுக்கு மிச்சக் காசைப் பசங்க முட்டியில இருந்து எடுக்கறாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நாப்பது கிலோமீட்டர் சுத்துல, சனிக்கிழமை சும்மா நிக்கிற காலேஜ் பஸ்ல பதினஞ்சு பேரை ஏத்திட்டுப் போக என்ன செலவாகிடும்? ஸ்போர்ட்ஸ் ஃபீஸ்னு வருஷா வருஷம் ரசீது குடுத்தாங்களே, அது எதுக்கு?

இதெல்லாம் ஏன் நடக்கலைன்னா, கேலண்டர் எங்க ஊர்ல போடப்படறதே இல்ல. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதே 2019ல, அதுவரைக்கும் எல்லாத்துக்கும் விழுப்புரம். கலைக் கல்லூரிங்க முன்னாடி வேலூர்ப் பக்கம் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருந்துச்சு, 2021க்கு அப்புறம் சிதம்பரத்துல இருக்கற அண்ணாமலை பல்கலைக்கழகத்துக்குக் கீழ. இன்ஜினியரிங்னா சென்னை. எந்த ஊர்ல உக்காந்து தேதி போட்டாலும் அவங்களுக்கு வெள்ளிமலை பஸ் நேரம் தெரியப் போறதில்ல. தெரிய வேண்டியதும் இல்ல. விளையாட்டுப் பிரிவும் தேர்வுப் பிரிவும் ஜூன் மாசமே ஒரு மேசையில உக்காந்து ரெண்டு தேதிப் பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா போதும். பல்கலைக்கழக டீம்ல ஆடற பையனுக்குப் பரீட்சை மோதினா பத்து நாள் கழிச்சு தனியா ஒரு தேர்வு. அப்படி எத்தனை பேர் வருவாங்க? ஒரு டீமுக்குப் பன்னெண்டு பேர், எல்லா விளையாட்டும் சேத்தாலும் சில நூறு பேர். லட்சக்கணக்குல விடைத்தாள் திருத்தறவங்களால இது முடியாதா?

இதைப் படிக்கிறவங்கள்ல நாலஞ்சு பேர் காலேஜ்ல வாத்தியாரா இருக்கீங்கன்னு தெரியும். உங்க காலேஜ்ல தேதி மோதினா என்ன பண்றாங்க, தனித்தேர்வு வச்ச காலேஜ் எதுவும் இருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. அந்தச் சுற்றறிக்கையோட நகல் கிடைச்சா இன்னும் நல்லது, ஊர்ல ரெண்டு பிஸிக்கல் டைரக்டருங்க கேட்டிருக்காங்க, வர்ற ஜூன் கூட்டத்துல காட்டணுமாம்.

டிஸ்கி: என் காலேஜ் பேர் என்னன்னு கேட்டு தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். "நாங்க அந்தக் காலத்துல ஒரே நாள்ல அஞ்சு மேட்ச் ஆடினோம்"னு எழுத வர்ற பெருசுங்க, இப்ப மாடிப்படி எப்படி ஏறறீங்கன்னும் சேத்து எழுதவும்.